பொந்தில் ஆந்தை இருந்தால் மரத்தை வெட்டலாமா?

'களத்துமேட்டு வேப்பமரத்தில் ஆந்தை கத்துகிறது. குடும்பத்துக்கு ஆகாது, மரத்தை வெட்டிவிடு என்கிறார்கள். என்ன செய்வது?' என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

வெட்ட வேண்டாம். அது சம்பளம் கேட்காத இரவுக் காவல்காரன்.

நம் ஊர்களில் சாதாரணமாகத் தென்படும் இந்தப் புள்ளி ஆந்தை மைனா அளவுதான். நீளம் சுமார் 21 செ.மீ. சாம்பல் கலந்த பழுப்பு உடம்பில் வெள்ளைப் புள்ளிகள், மஞ்சள் கண்கள். பொழுது சாய்ந்ததும் ஜோடியாக வெளியே வந்து கத்தும். துணையை அழைக்கவும், தன் எல்லையை அறிவிக்கவும்தான் அந்தச் சத்தம். சாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

வண்டு, வெட்டுக்கிளி, அந்துப்பூச்சி, சுண்டெலி இதன் இரை. செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கும். மரத்தடியில் கிடக்கும் உருண்டையைக் குச்சியால் பிரித்துப் பாருங்கள். ராத்திரி தின்றது தெரியும். பெருச்சாளியை இது பிடிக்காது. அதற்குக் கிட்டி வையுங்கள்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை 3, 4 முட்டைகள் இடும். பொந்தைத் தானே குடையத் தெரியாது. பழைய மரம் போனால் ஆந்தையும் போய்விடும்.

வயலில் பயிருக்கு மேல் நிற்கும்படி பறவை தாங்கிக் குச்சிகளை நடுங்கள். இரவில் ஆந்தை அதில் உட்கார்ந்து வேட்டையாடும். எலிக்கு புரோமடியோலோன் வைத்தால், செத்த எலிகளைத் தினமும் பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள். மருந்து தின்ற எலியைத் தின்றால் ஆந்தையும் சாகும். காவல்காரனுக்கு நாமே விஷம் வைக்கலாமா?