செல்பேசிக்குள் குடியேறிய மொழி யாருக்குச் சொந்தம்?

ஆண்ட்ராய்டு செல்பேசியின் திரையில் ஒரு சிறு படத்தைத் தொடுகிறோம். உடனே விளையாட்டோ வானிலைச் செய்தியோ விரிகிறது. தொட்டால் என்ன நடக்க வேண்டும் என்பதை யாரோ ஒருவர் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறார். எந்த மொழியில்? பெரும்பாலும் ஜாவா அல்லது கோட்லின் என்ற கணிப்பொறி மொழியில். இவை செல்பேசிக்குள் குடியேறிய கதையில், ஒரு மொழி யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியும் அடங்கியிருக்கிறது.

1991-ல் அமெரிக்காவின் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனத்தில் ஜேம்ஸ் காஸ்லிங் முதலியோர் வீட்டுச் சாதனங்களுக்கு ஏற்ற ஒரு மொழியை உருவாக்கத் தொடங்கினர். முதலில் அதற்கு ஓக் என்ற மரத்தின் பெயரை இட்டனர். 1995-ல் அது ஜாவா என்ற பெயரில் வெளிவந்தது.

ஒவ்வொரு வகை நுண்செயலிக்கும் தனித்தனி ஆணைகள் உண்டு. ஒன்றுக்கு எழுதியது மற்றொன்றுக்குப் புரியாது. இதற்கு ஜாவா கண்ட வழி எளிது. நாம் எழுதும் ஆணைத்தொடர் முதலில் ‘பைட்கோடு’ என்னும் இடைநிலை வடிவத்துக்கு மாற்றப்படுகிறது. பிறகு, ஒவ்வொரு கருவியிலும் உள்ள ‘மெய்நிகர் பொறி’ என்ற மென்பொருள் அதை அந்தக் கருவிக்குப் புரியும் ஆணைகளாக மாற்றித் தருகிறது. பல நாடுகளுக்கு ஒரே கடிதத்தை அனுப்பி, ஆங்காங்கே ஒரு மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு படிக்கச் செய்வது போன்றது இது. பல நிறுவனங்கள் பலவகையாகச் செய்யும் செல்பேசிகளுக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு வேறென்ன? 2000-க்குப் பின் வந்த பொத்தான் செல்பேசிகளில் பல விளையாட்டுகள் ஜாவாவில் எழுதப்பட்டவையே.

2006 நவம்பரில் சன் நிறுவனம் ஜாவாவைத் திறந்த மூல மென்பொருளாக வெளியிடத் தொடங்கியது. அதாவது, மூல ஆணைகளை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம். ஆனால் ஒரு நிபந்தனை: திருத்தியதைப் பிறருக்கு வழங்குவோர் அதே உரிமைகளையும் சேர்த்தே வழங்க வேண்டும்.

2007-ல் கூகிள் ஆண்ட்ராய்டை அறிவித்தது. ஜாவா மொழியை ஏற்றுக்கொண்ட அந்நிறுவனம், சன்னின் மெய்நிகர் பொறியை ஏற்கவில்லை. ‘டால்விக்’ என்ற பொறியைத் தானே செய்துகொண்டது. உரிமமும் வேறு. ஆண்ட்ராய்டின் பெரும்பகுதிக்கு உரிய அப்பாச்சி உரிமத்தின்படி, செல்பேசி நிறுவனங்கள் தாம் செய்த திருத்தங்களை வெளியிட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இது அவர்களுக்கு உகந்ததாக இருந்தது.

2010-ல் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. அதே ஆண்டில் கூகிள்மீது வழக்குத் தொடுத்தது. செயல்படும் ஆணைகளைக் கூகிள் பெரும்பாலும் தானே எழுதியிருந்தது. ஆனால் அவற்றை அழைக்கும் பெயர்களையும் அவற்றின் அமைப்பையும், 37 தொகுதிகளில் சுமார் 11,500 வரிகளை, ஜாவாவில் உள்ளபடியே எடுத்துக்கொண்டிருந்தது. ஏன்? ஓர் ஆர்மோனியத்தில் பழகியவர் வேறு நிறுவனத்தின் ஆர்மோனியத்தையும் வாசிக்கிறார். உள்ளே இருக்கும் துருத்தி வேறாயினும் கட்டைகளின் வரிசை ஒன்றே. அதுபோல, ஜாவா பழகியவர்கள் புதிதாகக் கற்காமலே ஆண்ட்ராய்டுக்கு எழுத முடிய வேண்டும் என்பதே நோக்கம்.

வழக்கு பத்தாண்டுகளுக்கு மேல் நீடித்தது. 2021 ஏப்ரல் 5 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6-க்கு 2 என்ற பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அந்த வரிகளுக்குப் பதிப்புரிமை உண்டா என்பதை அது முடிவு செய்யவில்லை. உண்டு என்று வைத்துக்கொண்டாலும் கூகிள் செய்தது நியாயமான பயன்பாடே என்றது. மாறாகத் தீர்ந்திருந்தால், பிறர் மென்பொருளோடு ஒத்துப்போகும் மென்பொருளை எழுதுவதற்கே பலர் அஞ்சியிருப்பார்கள்.

இதற்கிடையில் ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் 2011-ல் கோட்லினை அறிமுகப்படுத்தியது. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அருகிலுள்ள ஒரு தீவின் பெயர் அது. ஜாவாவின் பைட்கோடாகவே மாறக்கூடியதால், ஜாவாவில் எழுதியவற்றோடு சேர்ந்து இயங்கும். மதிப்பு எதுவும் இல்லாத இடத்தைப் பயன்படுத்த முயன்று செயலி நின்றுபோவது ஜாவாவில் அடிக்கடி நேரும் பிழை. கோட்லின் அதைப் பெரும்பாலும் எழுதும்போதே சுட்டிக்காட்டிவிடுகிறது. 2017-ல் கூகிள் அதை ஆண்ட்ராய்டுக்கு ஏற்றது. 2019-ல் முதலிடம் அளித்தது.

கோட்லினும் திறந்த மூல மொழியே. ஆயினும் திறந்திருப்பது ஒன்று, அடுத்து என்ன செய்வது என்று தீர்மானிப்பது வேறொன்று. ஜாவாவின் போக்கில் ஆரக்கிளுக்கும், கோட்லினின் போக்கில் ஜெட்பிரெயின்ஸுக்கும் கூகிளுக்கும் பெரும் பங்கு உண்டு. ஆண்ட்ராய்டின் அடிப்படை திறந்தது. கூகிளின் பிளே ஸ்டோர் திறந்தது அல்ல. நிறுவனத்தின் போக்குப் பிடிக்காதவர்கள், வெளியான மூல ஆணைகளைப் படியெடுத்துத் தனியே வளர்க்கலாம். உரிமம் அந்தக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. ஆனால் அதற்கு ஆள்பலமும் பொருளும் வேண்டும்.

எனவே ஒரு மென்பொருள் இலவசம் என்று கேள்விப்பட்டால் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: அதன் உரிமம் என்ன? அதன் போக்கைத் தீர்மானிப்பவர் யார்? ஜாவா, கோட்லின் இரண்டின் மூல ஆணைகளும் இன்று எவரும் படிக்கும்படி இருக்கின்றன. பள்ளி மாணவரான உங்களுக்கும் அந்த உரிமை உண்டு.