மூங்கிலுக்குள் ஒரு குடித்தனம்

தவளை என்றால் குளம், குளம் என்றால் தலைப்பிரட்டை. பள்ளியில் படித்த இந்தக் கணக்கு களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பக மலையில் செல்லாது. அங்கே நாணல் மூங்கில் புதர்களில் வாழும் வெண்புள்ளிப் புதர்த்தவளைக்குக் குளம் தேவையில்லை. தலைப்பிரட்டைப் பருவமும் கிடையாது.

உடல் இரண்டரை சென்டிமீட்டர் அளவுதான். முதுகு பளிச்சென்ற பச்சை, தொடை சாம்பல் கலந்த நீலம், கண்ணில் பொன்னிறத் திட்டுகள். விரல் நுனிகளில் வட்டமான திண்டுகள் உண்டு. வழவழப்பான மூங்கில் தண்டைப் பற்றி ஏற அவைதான் துணை. 1876-ல் ஆல்பர்ட் குந்தர் இதை அறிவியல் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். பிறகு நூறாண்டுக்கும் மேல் ஆய்வாளர் கண்ணில் படவே இல்லை. மீண்டும் கிடைத்த செய்தி 2011-ல்தான் வந்தது.

அதைவிடச் சுவையானது, அது எங்கே முட்டையிடுகிறது என்ற செய்தி. கே.எஸ். சேஷாத்ரி, கே.வி. குருராஜா உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள். நாணல் மூங்கிலில் கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே வெற்றிடம். தண்டில் எப்படியோ விழுந்த சிறு கீறல்தான் வாசல். தவளையின் உடலைவிட அந்த வாசல் குறுகலானது. ஆனாலும் ஆண் தவளை உடலை நெளித்து, நசுக்கி, உள்ளே நுழைந்துவிடுகிறது. உள்ளிருந்தபடியே குரல் கொடுத்துத் துணையை அழைக்கிறது. பெண் வந்து 5 முதல் 8 முட்டைகள் வரை இட்டுவிட்டுப் போய்விடும். அதன்பின் எல்லாப் பொறுப்பும் அப்பனுக்கு. மாலையில் இரை தேடச் சிறிது நேரம் வெளியே போவதைத் தவிர, அது முட்டைகளை விட்டு நகர்வதில்லை. முட்டைக்குள்ளேயே வளர்ச்சி முடிந்து, நேராகக் குட்டித் தவளையே வெளிவரும்.

இத்தனை காவல் யாருக்குப் பயந்து? பாம்புக்கல்ல, எறும்புக்கும் அல்ல. பெரும்பாலும் தன் இனத்து மற்ற ஆண்களுக்குத்தான்! காவல் தவளையை ஆய்வாளர்கள் அகற்றிப் பார்த்தபோது, வேறு ஆண்கள் புகுந்து முட்டைகளைத் தின்றன. நமக்குக் கொடூரமாகத் தோன்றலாம். ஆனால் கீறல் விழுந்த மூங்கில் காட்டில் எளிதில் கிடைப்பதில்லை. வீட்டுக்கும் போட்டி, முட்டைக்கும் போட்டி.

இதே நாணல் மூங்கில்தான் கூடை முடையவும் காகித ஆலைக்கும் வெட்டப்படுகிறது. காப்பகத்துக்குள் பாதுகாப்பு இருக்கிறது. வெளியே உள்ள மூங்கில் காடுகளுக்கு அது போதாது. பிழைப்புக்காக வெட்டுகிறவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. இனப்பெருக்கம் நடக்கும் மழைக்காலத்தில் மட்டுமாவது வெட்டுவதை நிறுத்திவைக்க வனத்துறை ஏற்பாடு செய்யவேண்டும்.