ஆச்சியின் பெட்டகமும் புதிய விறாந்தையும்

பழைய சாமான் வாங்கும் லொறி எங்கள் ஒழுங்கையிலே வந்து நின்ற காலையில், என்னைத் தவிர வீட்டிலிருந்த யாவரும் ஒரே மனத்தினராக இருந்தனர். கனடாவிலிருந்து தம்பி அனுப்பிய பணத்தில் வீடு திருத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. தரைக்கு மாபிள் பதித்தாயிற்று. சுவர்களுக்கு வெள்ளை பூசியாயிற்று. கொழும்பிலிருந்து மெத்தைக் கதிரைகள் வரவிருந்தன. அவற்றுக்கு இடம் வேண்டுமே! கூடத்திலே நான்கு சில்லுகளின்மேல் யானைக்கன்று போல நின்ற ஆச்சியின் பெட்டகத்தை விற்றுவிடுவதென்று தொலைபேசியிலேயே தீர்மானமாகிவிட்டது.

வியாபாரி பெட்டகத்தை ஒருமுறை சுற்றி வந்தார். விரலை மடக்கித் தட்டிப் பார்த்தார். "நல்ல முதிரை, அம்மா. கொழும்பிலை இதுக்கு ஆக்கள் காத்திருக்கினம்" என்றார். அவர் சொன்ன விலை எங்கள் எல்லோரையும் சற்று நேரம் வாயடைக்கச் செய்தது. ஆனால் எனக்கு ஓர் ஐயம் பிறந்தது. எங்கள் வீட்டிலே இடத்தை அடைக்கின்ற பொருள், கொழும்பிலே ஒரு மாளிகையின் முன்கூடத்துக்கு அலங்காரமாவது எங்ஙனம்?

"ஒரு கிழமை தவணை தாருங்கோ" என்றேன். லொறி வெறுமனே திரும்பியது. என் தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த ஒரு கிழமையிலே நான் கேட்டறிந்தவற்றையும், அதன்பின் கைப்பட்டுக் கற்றவற்றையுமே இங்கு எழுதுகிறேன். வீடு திருத்த நினைக்கும் குடும்பத்தினருக்கு ஏதாவது உதவக்கூடும்.

வீட்டுத் தளபாடங்களின் பெயர்களை நாம் நாள்தோறும் சொல்கிறோம். அவை எங்கிருந்து வந்தன என்று எண்ணுவதில்லை. கதிரை, மேசை, அலுமாரி, வாங்கு, யன்னல், விறாந்தை ஆகிய யாவும் போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள். அவர்கள் யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றியது 1619 இல். 1658 இல் அவர்களை வெளியேற்றிய ஒல்லாந்தரிடமிருந்து மேசையின் லாச்சி வந்தது. ஆயின் கட்டிலும் பெட்டகமும் நம்முடைய சொற்கள். பெட்டகம் என்னும் சொல் சிங்களத்திலும் 'பெட்டகம' என்றே வழங்குகிறது. பாயிலும் திண்ணையிலும் இருந்து பழகிய நம்மவருக்கு இருக்கை வகைகள் கடல்கடந்து வந்தன. செல்வத்தைப் பூட்டிவைக்கும் பெட்டி மட்டும் முன்னரே நம் வீட்டில் இருந்தது. இதில் நகைப்புக்கும் இடமுண்டு.

ஒல்லாந்தர் காலத்தில் இந்நாட்டுத் தச்சர்கள் ஐரோப்பிய வடிவங்களைப் பார்த்து, உள்ளூர் மரத்திலே தம் கைத்திறனைக் கலந்து செய்த பெட்டகங்களும் கதிரைகளும் இன்று பெருவிலை பெறுகின்றன. வன்னிக் காட்டு முதிரை, கருங்காலி, பலா முதலிய மரங்கள் அவர்களுக்குக் கைகொடுத்தன. கொழும்பு கோட்டை நிலையத்துக்கு அண்மையில், புறக்கோட்டை பிரின்ஸ் வீதியிலே, ஒல்லாந்த ஆளுநர் தோமஸ் வான் றீ வாழ்ந்த மாளிகை 1982 இல் ஒல்லாந்தர் காலப் பொருட்களுக்கான நூதனசாலையாகத் திறக்கப்பட்டது. அங்கே வைக்கப்பட்ட கட்டில்களையும் பெட்டகங்களையும் ஒருமுறை பார்த்தவர்கள், ஊர் திரும்பித் தம் வீட்டுக் களஞ்சிய அறையைத் திறந்து பார்க்காமல் இருக்கமாட்டார்கள்.

எங்கள் பெட்டகம் அவ்வளவு பழையதன்று. அம்மாவின் பேத்தியார் காலத்தது என்பது குடும்ப வழக்கு. பக்கப் பலகைகள் சந்திக்கும் மூலைகளில் ஆணியே இல்லை. புறாவின் வால்போல் விரிந்த பற்களால் ஒன்றையொன்று கவ்வி நிற்கின்றன. மூடி ஒரே பலகை. அதன்மேல் பாய் விரித்து அப்பு மத்தியானத்தில் உறங்குவார். உள்ளே ஒரு புறத்தில் சிறு அறை. நகையும் உறுதிகளும் அதிலே இருக்கும். மீதி இடத்திலே கூறைச்சேலைகள், குத்துவிளக்கு, செம்புகள், மூக்குப்பேணிகள், வருடத்துக்கு இருமுறை மட்டும் வெளியே வரும் பெரிய தட்டங்கள்.

1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி இரவு, வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது நாங்களும் நடந்தோம். சைக்கிளிலே கட்டக்கூடியதைக் கட்டினோம். கட்டமுடியாததையெல்லாம் பெட்டகத்திலே வைத்துப் பூட்டி, திறப்பை அம்மா சேலைத் தலைப்பிலே முடிந்துகொண்டார். மறுவருடம் திரும்பி வந்தபோது கதவுகள் இல்லை, யன்னல்கள் இல்லை, கூரை ஓட்டிலே பாதி இல்லை. பெட்டகம் நின்றது. பூட்டு நெம்பி உடைக்கப்பட்டிருந்தது. உள்ளே ஒரு கிழிந்த பனையோலைப் பெட்டியைத் தவிர வேறொன்றும் இல்லை. தூக்கமுடியாத பாரமே அதைக் காப்பாற்றியது. திறப்போ அம்மாவின் தலைப்பிலே பத்திரமாக இருந்தது!

இந்தக் கதையைத் தங்கைக்கு நான் நினைவூட்டவில்லை, அவளுக்கும் தெரியும். "அதுக்காக வாழ்நாள் முழுக்க அதைச் சுத்தி நடக்கிறதோ, அக்கா?" என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். துயரத்தின் சாட்சியாக மட்டும் ஒரு பொருளை வைத்திருந்தால் வீடு நினைவாலயமாகிவிடும். பொருளுக்கு இன்று ஒரு வேலை வேண்டும். ஆகவே அதற்கொரு வேலை தேடினேன்.

முதலில் அதன் இடத்தை மாற்றினோம். கூடத்தின் நடுவிலிருந்து விறாந்தைச் சுவரோரமாக உருட்டியதும் அது இருக்கையாகிவிட்டது. மூன்று பேர் தாராளமாக அமரலாம். உள்ளே விருந்தினருக்கான பாய், தலையணை, போர்வை. பூச்சிக்காக நிழலில் உலர்த்திய வேப்பிலையும் கற்பூரமும் துணியில் முடிந்து போட்டோம். ஈரம் ஏறாதபடி சில்லுகளின் கீழ் தட்டையான கற்களை வைத்தோம். கறையான் நிலத்திலிருந்தே ஏறுமாதலால், சுவரிலிருந்தும் நான்கு விரற்கடை விலக்கி வைத்தல் நன்று. கறையான் கட்டும் மண்வழி கண்ணுக்குத் தெரியும். மரத்திலே ஊசித்துளைகள் காணப்பட்டால் அஞ்சவேண்டியதில்லை. துளையிலிருந்து புதிய மாவு உதிர்கிறதா என்று பார்க்கவேண்டும். உதிர்ந்தாற்றான் பூச்சி உயிரோடிருக்கிறது.

இனி என் பிழையொன்றைச் சொல்லிவிடுகிறேன். சில வருடங்களுக்கு முன் அப்பாவின் எழுத்து மேசையைப் 'புதிதாக்க' விரும்பி, அரத்தாளால் தேய்த்து வெண்மரம் தெரியச் செய்து, பளபளக்கும் வர்ணீஸ் இரண்டு முறை பூசுவித்தேன். மைக்கறையும், அப்பாவின் முழங்கை பட்டுக் கறுத்த ஓரமும் போயின. இப்பொழுது அது கடையிலே நேற்று வாங்கிய மேசை போலிருக்கிறது. ஐம்பது வருடம் கைபட்டு ஏறிய நிறத்தை எந்தக் கடையிலும் வாங்கமுடியாது என்பதை ஆசாரியார் பிறகுதான் சொன்னார். முன்னரே கேட்டிருக்கலாம்.

ஆகவே பெட்டகத்தை அவரிடமே ஒப்படைத்தேன். அவர் தேய்க்கவேயில்லை. ஈரந்தோய்த்துப் பிழிந்த துணியால் அழுக்கைத் துடைத்து, நன்றாக உலரவிட்டு, தேன்மெழுகைப் பஞ்சுத் துணியால் தேய்த்து ஏற்றினார். மூடியில் பழைய மெருகு உரிந்த இடத்தில் மட்டும் அவலரக்கை மதுசாரத்தில் கரைத்து மெல்லிய படலங்களாகப் பூசினார். பூட்டு நெம்பிய காயத்தைச் செப்பனிடவா என்று கேட்டார். வேண்டாமென்றேன்.

பிரம்புக் கதிரைகளைப்பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும்; இவையே பெரும்பாலான வீடுகளில் மாட்டுக்கொட்டிலுக்குப் போகின்றன. அப்புவின் சாய்மனைக் கதிரையும் அங்கேதான் கிடந்தது. இருக்கை தொய்ந்துவிட்டதே என்று எறிந்துவிடாதீர்கள். பின்னல் அறாமல் தொய்ந்து மட்டும் இருந்தால், கதிரையைக் கவிழ்த்து, பின்னலின் அடிப்புறத்தை வெந்நீரில் நனைத்த துணியால் நன்றாக ஈரமாக்கி, ஓரிரவு காற்றாட விடுங்கள். உலரும்போது பிரம்பு சுருங்கி இழுபடும். மேற்புறம் வழவழப்பான தோலாகையால் நீரை உறிஞ்சாது, அடிப்புறமே உறிஞ்சும். பின்னல் அறுந்திருந்தால் புதிதாகப் பின்னுவதே வழி. சட்டத்தின் துளைகளூடாக நெடுக்கே இரு வரிசை, குறுக்கே இரு வரிசை, பின்னர் மூலைக்கு மூலை இரு வரிசை என ஆறு ஓட்டத்தில் அந்த எண்கோணக் கண்கள் உருவாகின்றன. பிரம்பை நீரில் ஊறவைத்தே பின்னவேண்டும். காய்ந்த பிரம்பு முறியும். கண்டி வீதியிலுள்ள வேவல்தெனிய என்னும் ஊர் பிரம்பு வேலைக்குப் பெயர் பெற்றது. அவ்வழியே பயணஞ் செய்தவர்கள் தெருவோரக் கடைகளைக் கண்டிருப்பீர்கள். எங்கள் கதிரையை உள்ளூரிலேயே ஒரு முதியவர் நான்கு நாளிலே பின்னித் தந்தார். அவருக்குப் பின் இந்த வேலையை எவரும் பழகவில்லை என்று அவர் சொன்னபோது, பள்ளி விடுமுறையில் வந்திருந்த என் மருமகன் பக்கத்திலிருந்து கடைசி இரண்டு ஓட்டங்களைத் தானே பின்னினான். கோணல்தான். அந்தக் கோணலை அவிழ்க்கவேண்டாமென்று பெரியவரிடம் கேட்டுக்கொண்டேன்.

பித்தளைப் பாத்திரங்கள் எங்களிடம் அதிகம் மிஞ்சவில்லை. மிஞ்சியவற்றுக்குப் புளியும் சாம்பலும் போதும். உட்புறம் ஈயப்பூச்சு தேய்ந்த பாத்திரத்தில் புளிப்பான கறி வைத்தல் கூடாது, பூச்சாடியாக வைத்துக்கொள்ளலாம். தையல் இயந்திரத்தின் இரும்புக் கால்மேல் பலகையிட்டுப் படிக்கும் மேசையாக்குவது இப்போது பரவலான வழக்கம். ஆட்டுக்கல்லின் குழியிலே நீர் நிரப்பி முற்றத்தில் வைத்தோம். குருவிகள் வருகின்றன, காகங்களும் வருகின்றன.

விறாந்தையின் மறுபுறத்திலுள்ள வாங்கைப் பார்ப்பவர்கள் அதன் மரத்தை அடையாளங் காண்பதில்லை. எங்கள் பதுங்குகுழியின்மேல் அடுக்கியிருந்த பனங்குற்றிகளில் ஒன்று அது. 2002 இல் போர்நிறுத்தம் வந்தபின் குழியை மூடினோம். குற்றிகள் வேலியோரம் கிடந்தன. பனைக்கு வைரம் வெளிப்புறத்தில். வெளியே வைரமுள்ளவற்றைப் புல்லினம் என்றும், உள்ளே வைரமுள்ளவற்றை மரமென்றும் தொல்காப்பியம் வகுத்திருப்பதை மாணவர்கள் அறிவர். அதனால் உட்சோற்றை நீக்கி, கரிய வெளிப்பாகத்தை மட்டும் பலகையாக வாரி எடுக்கவேண்டும். ஆசாரியாரின் வாள் இரண்டு முறை மழுங்கிற்று. அவர் திட்டிக்கொண்டே முடித்தார்.

சுவர்த்தட்டிலே குத்துவிளக்கின் பக்கத்தில் ஒரு ஜாம் போத்தல் இருக்கிறது. தொண்ணூறுகளில் மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெயும் கிடைப்பதற்கரிது என்றிருந்தபோது, போத்தலுக்குள்ளே பஞ்சும் சிறிது எண்ணெயும் இட்டுத் திரிபோட்டு எரித்த விளக்கு அது. அந்த வெளிச்சத்திலே படித்துப் பரீட்சை எழுதியவன்தான் இன்று கனடாவிலிருந்து மாபிளுக்குப் பணம் அனுப்புகிறான். "இதையும் காட்சிக்கு வைக்கிறதோ!" என்று தங்கை சிரித்தாள். ஆனால் அவளே அதன் கரியைத் துடைத்து வைத்தாள்.

எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளவேண்டுமென்று நான் சொல்லவில்லை. பழையது என்ற ஒன்றே தகுதியாகாது. சித்தப்பா வாங்கிய ஒட்டுப்பலகை அலுமாரி ஈரத்தில் ஊதியிருந்தது. கால் முறிந்த கட்டிலொன்று ஒருவருக்கும் உதவாது நின்றது. அவற்றையெல்லாம் கொடுத்துவிட்டோம். அறை மூச்சுவிடவேண்டும். ஒரு கூடத்துக்கு ஒரு பெரிய பழம்பொருள் போதும். இரண்டு நின்றால் ஏலக்கடை போலாகும்.

இவ்வகையில் நம் நாட்டுக்கு நல்ல முன்மாதிரி உண்டு. கட்டடக் கலைஞர் ஜெப்ரி பாவா கொழும்பு பகத்தலை வீதியின் 33 ஆம் ஒழுங்கையிலே, வரிசையாக நின்ற நான்கு சிறு வீடுகளைப் பல ஆண்டுகளாக ஒன்றிணைத்துத் தம் இல்லமாக்கினார். அங்கே செட்டிநாட்டு வீடுகளிலிருந்து மீட்ட மரத்தூண்கள் நிற்கின்றன. அறுபதுகளின் தொடக்கத்தில் அவர் ஏனா டி சில்வாவுக்கு அமைத்த வீடும் முற்றத்தைச் சுற்றிய நம் நாற்சார் வீட்டு முறையையே நினைவூட்டுவது; பிற்காலத்தில் அது கழற்றப்பட்டு, பெந்தோட்டைக்கு அண்மையிலுள்ள லுணுகங்கையிலே மீண்டும் எழுப்பப்பட்டது. வெள்ளைச் சுவர், வெறுந்தரை, நடுவே ஒரு பழைய பொருள் என்பதே அவர் வழி. நம் மாபிளும் வெள்ளைச் சுவரும் பெட்டகத்துக்குப் பகையல்ல என்பதை இதிலிருந்து அறிந்துகொண்டேன்.

இதையெல்லாம் தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அப்ப அதை எனக்குக் கப்பலிலை அனுப்பு அக்கா" என்றான். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டப்படி, பழம்பொருட்களை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக அனுமதிப்பத்திரம் வேண்டும். எமது பெட்டகம் அந்த வரையறைக்குள் வருமோ வராதோ, விசாரிக்காமல் அனுப்பக்கூடாது என்றேன். சற்று நேரம் பேசாதிருந்தான். பிறகு, "திறப்பு இருக்கோ?" என்று கேட்டான்.

இருக்கிறது. அம்மா இறந்தபின் அவருடைய கைப்பெட்டியிலே கண்டெடுத்தோம். பெட்டகத்தின் மேலே, சுவரில் ஓர் ஆணியிலே தொங்குகிறது. மெத்தைக் கதிரைகளில் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவற்றைக் கடைக்காரரிடம் திருப்பி அனுப்பிவிட்டோம். தவணை முடிந்து லொறி வந்தபோது வியாபாரி அலுமாரியையும் கட்டிலையும் ஏற்றிக்கொண்டார். பெட்டகத்தின்மேல் அமர்ந்து தேநீர் குடித்தார். போகும்போது இன்னுமொருமுறை அதைத் தட்டிப்பார்த்துவிட்டுப் போனார்.