சமரசத்தின் பெயரால் ஒரு தடை

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டத்தை அப்புறப்படுத்திவிட்டுத் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 அன்று அமலுக்கு வந்தது முதல், ஆசிரியருக்கு வரும் கடிதங்களில் எண்கள் மலிந்து கிடக்கின்றன. 45 நாள் என்பதை மேல்முறையீட்டுக் கெடு என்று ஒருவர் கொள்கிறார்; 90 நாள் கழிந்த பிறகுதான் வழக்குத் தொடுக்க வேண்டும் என்று மற்றொருவர் காத்திருக்கிறார்; வேலையிலிருந்து நீக்கப்பட்டு இரண்டாண்டு நிறையப்போகிற வேறொருவரோ, தமக்கு இன்னும் ஓராண்டு அவகாசம் மிச்சமிருக்கிறது என்ற நிச்சயத்துடன், சாவகாசமாக விவரம் கேட்டு எழுதுகிறார். அவருக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். ஓடிக்கொண்டிருப்பது அவருடைய கெடு.

நீக்கப்பட்ட தொழிலாளி நேரே தொழிலாளர் நீதிமன்றத்தை அணுகுவதற்குப் பழைய சட்டம் மூன்றாண்டு கொடுத்திருந்தது. புதிய தொகுப்பு இரண்டாண்டே கொடுக்கிறது. அதற்குள் அவர் சமரச அதிகாரியிடம் மனுக் கொடுத்து, 45 நாள் பொறுத்திருந்து, அதன் பிறகும் தகராறு தீராவிட்டால் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆகவே 45 நாள் என்பது காத்திருக்க வேண்டிய காலம். 90 நாள் என்பதுதான் கெடு: சமரச அதிகாரியின் முன் தீராமல் போன தகராறில், முறிவு அறிக்கை கைக்குக் கிடைத்த நாளிலிருந்து அதற்குள் தீர்ப்பாயத்தில் விண்ணப்பம் போட வேண்டும். பழைய சட்டம் உயிரோடிருந்த காலத்தில் நீக்கப்பட்டவருக்கு எந்தக் கணக்குப் பொருந்தும் என்று வாதம் செய்ய இடமுண்டு. அந்த வாதத்தைத் தம் சொந்த வழக்கில் பரீட்சித்துப் பார்க்க ஆசையில்லாதவர், குறுகிய கெடுவையே தம்முடையதாகக் கொண்டு, இந்த வாரமே மனுவை எழுதிவிடுவது உத்தமம்.

கடிதங்களில் அதிகம் பேசப்படாத எண் ஒன்று உண்டு. அது 14. இந்தத் தொகுப்பின் சூட்சுமம் முழுவதும் அந்த எண்ணைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது.

பழைய சட்டத்தில் ரயில், தபால், மின்சாரம், குடிநீர், பேருந்து போன்ற பொதுப் பயன்பாட்டுச் சேவைகளில் மட்டும், வேலைநிறுத்தம் செய்வதற்கு முன் நோட்டீஸ் கொடுத்து 14 நாள் பொறுக்க வேண்டும் என்றும், சமரச அதிகாரி முன் பேச்சு நடக்கும் காலத்திலும் அது முடிந்த ஏழு நாளிலும் வேலையை நிறுத்தக் கூடாது என்றும் விதி இருந்தது. ஊருக்கே விளக்கு அணையும், வண்டி நிற்கும் என்பது அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். அதை ஒப்புக்கொள்ளாதவர்களும் புரிந்துகொள்ளக்கூடிய நியாயம். புதிய தொகுப்பு அந்த விதியை அப்படியே எடுத்து, நூற்பாலை, பிஸ்கட் ஆலை, செருப்புத் தொழிற்சாலை, கார் உதிரிபாகக் கம்பெனி என்ற பேதமின்றி எல்லாத் தொழில் ஸ்தாபனங்களுக்கும் விரித்துவிட்டது. பிஸ்கட் ஒரு வாரம் வராவிட்டால் ஊருக்கு என்ன குடிமுழுகிப் போகும் என்ற கேள்விக்கு, ‘தொழில் அமைதி’ என்னும் இரண்டு சொற்களுக்கு மேல் சர்க்கார் தரப்பு விளக்கம் நீளவில்லை.

இந்த ஏற்பாட்டில் சமரச அதிகாரிக்குரிய ஸ்தானம் விசித்திரமானது. அவர் தீர்ப்புச் சொல்ல முடியாது, ஊதியத்தை நிர்ணயிக்க முடியாது, எந்தத் தரப்பையும் சம்மதிக்க வைக்கவும் முடியாது. ஆனால் கூட்டம் ஒன்றைக் கூட்டும் அதிகாரம் அவருக்கு உண்டு. வேலைநிறுத்த நோட்டீஸ் கிடைத்தபின் அவர் நடத்தும் முதல் கூட்டத்தின் தேதியிலேயே சமரச நடவடிக்கை தொடங்கிவிட்டதாகத் தொகுப்பு கொள்கிறது. தொடங்கிய கணத்திலேயே வேலைநிறுத்தம் சட்டவிரோதமாகிவிடுகிறது. வைத்தியர் நாடி பார்க்கக் கையைத் தொட்டதும் நோயாளி முனகக் கூடாது என்று விதித்தால் எப்படியோ, அப்படி.

அந்த முதல் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் லட்சணம் தெரியும். சமரச அதிகாரியான தொழிலாளர் உதவி ஆணையரின் அறையில் மேசைக்கு ஒருபுறம் சங்கத் தலைவரும் செயலாளரும், கோரிக்கை மனு, முந்தைய ஒப்பந்தத்தின் நகல், விலைவாசிக் கணக்கு ஆகியவற்றைத் தாங்கிய தடித்த கோப்புடன் அமர்ந்திருப்பார்கள். மறுபுறம் நிர்வாகத்தின் சார்பில், எதற்கும் சம்மதம் சொல்ல அதிகாரம் பெறாத பணியாளர் துறை அலுவலர் ஒருவர், ஒற்றைத் தாளுடன் வந்து, “மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம், சார்” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு எழுந்திருப்பார். ‘நிர்வாகத் தரப்பில் அவகாசம் கோரப்பட்டது, பேச்சுவார்த்தை ஒத்திவைக்கப்படுகிறது’ என்று நடவடிக்கைக் குறிப்பில் இரண்டு வரி ஏறும், இருதரப்பும் கையெழுத்திடும். கோரிக்கைகளில் ஒன்றைக்கூட வாய்விட்டுப் படிக்காத அந்தக் கூட்டத்தின் கையெழுத்துத் தாள்தான், சமரசம் ஆரம்பமாயிற்று என்பதற்கும், வேலைநிறுத்த உரிமை அன்றோடு நின்றது என்பதற்கும் அத்தாட்சி.

தேதி போட்டுப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். ஏப்ரல் 1 அன்று சங்கம் நோட்டீஸ் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 15ஆம் தேதி முடியும் வரை நிறுத்தம் கூடாது. 14ஆம் தேதி அதிகாரி முதல் கூட்டத்தை நடத்திவிட்டால் சமரசம் தொடங்கிவிட்டது; நிறுத்த நோட்டீஸ் வந்த தகராறாகையால் அவர் 14 நாளுக்குள், அதாவது 28ஆம் தேதிக்குள், அறிக்கை அனுப்ப வேண்டும். சமரசம் முடிந்த பிறகு ஏழு நாள் தடை. மே 5 வரை போயிற்று. மே 6 அன்று நிறுத்தலாமே என்று சங்கம் எண்ணினால், இங்கேதான் கண்ணி வைக்கப்பட்டிருக்கிறது. சமரசம் முறிந்தால் தீர்ப்பாயத்துக்குப் போகும் உரிமை சம்பந்தப்பட்ட எந்தத் தரப்புக்கும் உண்டு. நிர்வாகமும் ஒரு தரப்பு. ஏப்ரல் 30 அன்று நிர்வாகம் ஒரு விண்ணப்பத்தைத் தீர்ப்பாயத்தில் போட்டுவிட்டால், அந்த வழக்கு நிலுவையில் இருக்கும் காலம் முழுவதும், அது முடிந்த பிறகு 60 நாளும், வேலைநிறுத்தம் கூடாது என்பது தொகுப்பின் வாசகம். இதற்கிடையே, நோட்டீஸ் கொடுத்த 60 நாளுக்குள்தான் நிறுத்தம் செய்ய வேண்டும் என்பதால், ஏப்ரல் 1 அன்று கொடுத்த நோட்டீஸ் மே மாதத்தோடு காலாவதியாகிறது. மறுபடியும் நோட்டீஸ், மறுபடியும் முதல் கூட்டம், மறுபடியும் ‘மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறோம்’.

பழைய முறையிலும் வழக்கு நிலுவையில் இருக்கும்போது நிறுத்தம் கூடாது என்ற விதி இருந்தது உண்மையே. ஆனால் கூட்டுத் தகராறைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பும் அதிகாரம் அரசாங்கத்தின் கையில் இருந்தது. அது கோப்புகளைத் தூங்க வைத்தது என்ற புகாரும் நியாயமானதே. அந்த இடைத்தட்டை நீக்கி, ‘தொழிலாளிக்கு நேரடி அணுகல்’ தந்துவிட்டதாகப் புதிய தொகுப்பின் ஆதரவாளர்கள் பெருமைப்படுகிறார்கள். தொழிலாளிக்குத் திறந்த அந்தக் கதவு முதலாளிக்கும் திறந்திருக்கிறது என்பதையும், அவர் அதன் வழியே நியாயம் கேட்கப் போகாமல் தடை பெறவே போகலாம் என்பதையும் விளம்பரங்களில் காணோம்.

தடை இருபுறமும் சமமாக இருக்கிறதே, கதவடைப்புக்கும் இதே நிபந்தனைதானே என்று கேட்கலாம். வாசகத்தில் சமம்தான். ஆயினும் ஊதிய உயர்வு கேட்டு நிற்கும் தொழிலாளிக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் நஷ்டம். பழைய ஊதியத்திலேயே ஆலையை ஓட்டும் நிர்வாகத்துக்கு அதே மாதம் லாபம். நிர்வாகத்தையும் கட்டும் அம்சம் ஒன்று உண்டென்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும்: பேச்சு நடக்கும் காலத்தில், தகராறுக்குச் சம்பந்தப்பட்ட விஷயங்களில் வேலை நிபந்தனைகளை மாற்றவோ, அதன் பொருட்டு யாரையும் நீக்கவோ, எழுத்துமூலமான முன்அனுமதி இல்லாமல் முடியாது. பழைய சட்டத்திலிருந்தே வரும் அந்தப் பாதுகாப்புக்குப் புதிதாகக் கொடுக்கப்பட்டிருக்கும் விலைதான் அதிகம்.

சமரசம் என்ற ஏற்பாடே வேண்டாம் என்று இதனால் சொல்லவில்லை. 1952 முதல் மத்திய தொழிலாளர் அமைச்சராயிருந்து, வங்கி ஊழியர் தகராறில் தீர்ப்பாயத்தின் முடிவை அரசு மாற்றியதை ஏற்காமல் 1954இல் பதவி துறந்த வி.வி.கிரி, கட்டாயத் தீர்ப்பை எதிர்த்து இருதரப்புப் பேச்சையே வாழ்நாள் முழுவதும் வலியுறுத்தியவர். பேச்சு பயன்பட வேண்டுமானால் பேசுகிற இருவரும் ஏறக்குறைய சமபலத்தோடு உட்கார வேண்டும் என்பது அந்தக் கொள்கையின் உயிர்நாடி. சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 1951இல் வெளியிட்ட 92ஆம் பரிந்துரையும் சமரசம் இலவசமாகவும் விரைவாகவும் கிடைக்க வேண்டும் என்கிறது. எல்லாத் தரப்பும் சம்மதித்துச் சமரசத்துக்கு வந்தால், அது நடக்கும்போது நிறுத்தத்தைத் தவிர்க்கும்படி ஊக்குவிக்கலாம் என்கிறது. தன் வாசகம் எதையும் வேலைநிறுத்த உரிமையைக் குறைப்பதாகப் பொருள்கொள்ளக் கூடாது என்றும் முடிக்கிறது. அங்கே சம்மதமும் ஊக்குவிப்பும். இங்கே அழைப்பாணையும் அபராதமும்.

சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 அன்று தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீடித்தபோது, அதிகாரிகளின் சமரசப் பேச்சும் நிறுத்தமும் ஒருங்கே நடந்தன. தொழிலாளர்கள் நிறுத்தத்தில் இருக்கும்போதே மேசையில் உடன்பாடு எட்டப்பட்டது. அன்று இந்தத் தொகுப்பு அமலில் இருந்திருந்தால், பேச்சு தொடங்கிய அன்றே நிறுத்தத்தைக் கைவிடச் சொல்லியிருப்பார்கள். நாளைக்கு வேலைநிறுத்தங்கள் குறைந்துவிட்டன என்று புள்ளிவிவரம் வரும். தடுக்கப்பட்டது நடக்கவில்லை என்பதற்கு மேல் அதில் படிக்க ஒன்றுமிராது.

வாசகர்களின் மற்றக் கேள்விகள்:

சமரசத்துக்குக் கட்டணம் உண்டா? இல்லை.

வக்கீல் வைத்துக்கொள்ளலாமா? சமரச அதிகாரி முன் கூடாது. சங்க நிர்வாகி வரலாம்.

ஆலையிலேயே குறைதீர்க்கும் குழு இருக்கிறதே? 20 தொழிலாளருக்குக் குறையாத இடங்களில் இருந்தாக வேண்டும். அதன் முடிவு பிடிக்காவிட்டால் 60 நாளுக்குள் உங்கள் சங்கத்தின் மூலம் சமரச அதிகாரியிடம் போகலாம்.

பழைய சட்டத்தின் ‘12(3) ஒப்பந்தம்’ இனி இல்லையா? பிரிவு எண் போயிற்று, பயன் போகவில்லை: சமரசத்தின்போது கையெழுத்தாகும் ஒப்பந்தம், கையெழுத்திடாதவரையும் இனிமேல் வேலைக்குச் சேருபவரையும்கூடக் கட்டுப்படுத்தும்.

எல்லாரும் ஒரே நாளில் விடுப்பு எடுத்தால்? பாதிப் பேருக்குக் குறையாமல் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலே அது வேலைநிறுத்தம்.

சட்டவிரோத நிறுத்தத்துக்குத் தண்டனை? முன்பு அபராதம் 50 ரூபாய்க்குள். இப்போது 1,000 முதல் 10,000 ரூபாய் வரை, அல்லது ஒரு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

மேற்பார்வையாளருக்கும் இந்தச் சமரச வழி உண்டா? மாதம் 18,000 ரூபாய்க்கு மேல் ஊதியம் பெறும் மேற்பார்வையாளருக்கு இல்லை.

வங்கி, ரயில்வே ஊழியர் எங்கே போவது? மத்திய தொழிலாளர் ஆணையரின் வட்டார அலுவலகத்துக்கு. மாநில அதிகாரியிடம் கொடுத்த மனு வீண்.

இந்தத் தொகுப்பைத் திருத்த வழி உண்டா? உண்டு. தொழிலாளர் நலன் பொதுப் பட்டியலில் இருப்பதால், மாநிலச் சட்டமன்றம் திருத்தம் நிறைவேற்றிக் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெறலாம். நிர்வாகம் தானாகப் போடும் விண்ணப்பத்தால் நிறுத்தத் தடை ஏற்படாது என்று ஒரு வாக்கியத்தைச் சேர்த்தாலே, சமரச அறைக்கு வரும் பணியாளர் துறை அலுவலர் மேலிடத்தைக் கேட்டுவிட்டு வருவார்.