எச்சிலில் ரத்தம் வருகிறதா? உள்ளே ஒரு விருந்து நடக்கிறது, தெரியுமா?

காலையில் பல் தேய்த்துத் துப்பும்போது நுரையோடு கொஞ்சம் சிவப்பும் சேர்ந்து வருகிறதா? அந்தச் சிவப்புக்காகவே ஈறுக்கடியில் ஒரு கூட்டம் காத்துக் கிடக்கிறது!

கூட்டத்தில் முக்கியப் புள்ளியின் பெயர் போர்ஃபைரோமோனாஸ் ஜிஞ்சிவாலிஸ். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வாய் வலிக்கும். ஆளோ சிவப்பணுவோடு ஒப்பிட்டால் பொடியன். சொத்தைப்பல் கிருமிக்கு இனிப்பு என்றால் உயிர். இவருக்கு இனிப்பே வேண்டாம், தெரியுமா? சர்க்கரையை வைத்துப் பிழைக்கத் தெரியாத கிருமி இது. புரதம் வேண்டும், இரும்பு வேண்டும். ஆக்ஸிஜன் ஆகவே ஆகாது. அதனால்தான் ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே, காற்றுப் புகாத இடுக்கில் குடியிருப்பு.

இரும்புக்கு எங்கே போவது? நம் உடம்பு மகா கெட்டி. எச்சிலில் லாக்டோஃபெரின், ரத்தத்தில் டிரான்ஸ்ஃபெரின் என்று ஆளுக்கொரு புரதத்தைப் போட்டு இரும்பைக் கட்டி வைத்திருக்கிறது. ஆனால் ஒரே ஒரு சிவப்பணுவுக்குள் ஏறக்குறைய 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் இருக்கின்றன! ஒவ்வொன்றிலும் 4 ஹீம், ஹீமுக்கு ஒரு இரும்பணு. கணக்குப் போட்டால் 100 கோடியைத் தாண்டும். ஹீமை முழுசாகத் தானே தயாரிக்க வழியில்லாத கிருமிக்கு இது மூட்டை மூட்டையாக அடுக்கிய அரிசி மண்டி!

மண்டியை உடைக்கும் ஆயுதம் ஜிஞ்சிபெய்ன் என்ற நொதி. மொத்தம் 3 வகை. புரதச் சங்கிலியில் அர்ஜினின் என்ற அமினோ அமிலம் வரும் இடத்தில் இரண்டு வெட்டும், லைசின் என்ற அமினோ அமிலம் வரும் இடத்தில் மூன்றாவது வெட்டும். இவற்றில் சிலவற்றோடு சிவப்பணுவைப் பிடித்துக்கொள்ளும் பகுதியும் ஒட்டியே பிறக்கிறது. பிடி, உடை, வெட்டு: எல்லாம் ஒரே கருவியில்! சிவப்பணு உடைந்து ஹீமோகுளோபின் வெளியே வந்ததும் அர்ஜினின் கத்தி அதிலுள்ள இரும்பை ஆக்ஸிஜனேற்றி, ஹீமின் பிடியைத் தளர்த்துகிறது. பிறகு லைசின் கத்தி புரதத்தைக் கண்டதுண்டமாக்குகிறது. கழன்ற ஹீமை அள்ளிக் கொடுப்பதற்கென்றே ஹெச்எம்யூஒய் என்று தனிப் புரதம் வேறு.

அள்ளிய ஹீமை எல்லாம் தின்றுவிடுவதில்லை. மிச்சத்தை இரண்டிரண்டாகக் கோத்து உடம்பின் மேலேயே பூசிக்கொள்கிறது! ரத்தம் கலந்த தட்டில் ஆய்வகத்தில் வளர்த்தால் சில நாளில் திட்டுத்திட்டாகக் கறுத்துவிடும். 1921இல் இந்த வகைக் கருங்கிருமிகளை விவரித்த ஆலிவரும் வெர்ரியும், நம் தோலில் இருக்கும் மெலனின்தான் அது என்று நினைத்தார்கள். பிற்பாடுதான் தெரிந்தது, அத்தனையும் ரத்தத்து ஹீம்! அந்தக் கறுப்புப் பூச்சு ஆக்ஸிஜன் தாக்காமல் காக்கும் கவசமும்கூட. மலேரியா ஒட்டுண்ணியும் ஹீமோகுளோபினைத் தின்று கறுப்பாக மிச்சம் வைக்கும். அதற்கு ஹீம் நஞ்சு, படிகமாக்கி ஒதுக்கிவிடும். நம்மவரோ அதையே சட்டையாகப் போட்டுக்கொள்கிறார்!

இதைவிடப் பெரிய தில்லாலங்கடி ஒன்று உண்டு. ரத்தம் உறைவதற்கு வேண்டிய ஃபைப்ரினோஜெனையும் அதே நொதிகள் வெட்டிப் போடும். ரத்தக்குழாய்களைக் கசிய வைக்கும் வேதிப்பொருளையும் கிளப்பிவிடும். அதாவது, தன் சாப்பாட்டுக்குத் தானே குழாயைத் திறந்து, மூடாமலும் பார்த்துக்கொள்கிறது! கூட்டாளி டிரெபோனீமா டென்டிகோலாவின் நொதி ஒன்று சிவப்பணுவையும் உடைக்கும், அழுகிய முட்டை நாற்றமுள்ள ஹைட்ரஜன் சல்ஃபைடையும் வெளியிடும். வாய் நாற்றத்துக்கு வெங்காயத்தையே குறை சொல்லாதீர்கள்.

அதற்காக ரத்தம் வராவிட்டால் விருந்தே இல்லை என்று அர்த்தமில்லை. புகைபிடிப்பவர்களுக்கு ஈறு நோய் முற்றினாலும் ரத்தம் குறைவாகவே கசியும், தெரியுமா? ரத்தம் வரவில்லையே என்று அவர்கள் நிம்மதியாக இருக்க முடியாது.

நம்மில் பலர் செய்வது என்ன? ரத்தம் வந்தால் அந்தப் பக்கம் பிரஷ் போவதை நிறுத்திவிடுகிறோம். பல்லில் படிந்த காரை இன்னும் தடிக்கிறது, ஈறு இன்னும் வீங்குகிறது, பந்திக்கு இன்னும் இலை விழுகிறது. மென்மையான பிரஷ்ஷால் அங்கேயும் தேயுங்கள். பல் மருத்துவரிடம் போய்க் காரையை எடுத்துவிடுங்கள். ‘கிளீன் பண்ணினால் பல் ஆடும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பல்லை ஆட வைப்பது எடுக்காமல் விட்ட காரைதான்.