வாசலில் ஓர் ஐந்தடிச் சதுரம்

நியூயார்க் மாநகரின் குவீன்ஸ் பகுதியில் முப்பது வருஷத் தவணைக் கடனில் வீடு வாங்கிக் குடியேறிய ஒருவர், தம் வாசலுக்கு வெளியே கிடக்கும் நடைபாதை ஊருக்குப் பொதுவானது என்று எண்ணி நிம்மதியாகவே இருப்பார். அதன் சிமெண்டுப் பலகைகளில் ஒன்று சற்றே தலை தூக்கினாலும் அதைச் செப்பனிடும் கடமை தம்முடையதுதான் என்கிற விஷயம், நகரப் போக்குவரத்து இலாகாவின் அறிவிப்பு கைக்கு வந்து சேருகிற அன்றுதான் அவருக்கு விளங்கும். எழுபத்தைந்து நாள் கெடு. அதற்குள் வேலை முடியாவிட்டால், நகரமே ஆள் வைத்துச் செப்பனிட்டுச் செலவுக் கணக்கை வீட்டுக்காரருக்கு அனுப்பலாம் என்பது சட்டம்.

எது பழுது என்பதிலும் சட்டம் வெகு நுணுக்கமானது. சாதாரணமாக ஐந்தடிச் சதுரமாக, நாலங்குல கனத்தில் வார்க்கப்படும் இந்தப் பலகைகளில் அடுத்தடுத்த இரண்டுக்கு நடுவே அரை அங்குல ஏற்றத்தாழ்வு இருந்தாலே போதும். நடப்பவர் கால் இடறுவதற்கு அது இடம் என்று ஆய்வாளர் குறித்துக்கொள்வார். இரண்டு சட்டி சிமெண்டைக் குழைத்துப் பூசிவிட்டால் தீர்ந்தது என்று நினைப்பவருக்கு ஏமாற்றமே மிஞ்சும். ஒட்டுப்போட்ட பலகையும் அங்கே பழுதான பலகைதான், முழுவதையும் பெயர்த்தெடுத்துப் புதிதாக வார்த்தாக வேண்டும்.

அப்படி வார்ப்பதற்கும் அனுமதிச் சீட்டு வேண்டும். முந்நூறு அடி நீளம் வரை கட்டணம் 70 டாலர். பெரிய தொகையன்று என்பது வாஸ்தவம். ஆனால் இருபது அடி முகப்புள்ள வீட்டுக்காரர் ஒரே ஒரு பலகைக்காகவும் அதே தொகையைக் கட்டுகிறார் என்பதையும், செய்யென்று உத்தரவிட்ட இலாகாவே செய்வதற்கு அனுமதி தரக் காசு கேட்கிறது என்பதையும் யோசிக்கும்போது, அவருடைய மனஸ்தாபம் தொகையைப் பற்றியதல்ல என்பது தெரியும். கெடுவின் சங்கடமோ வேறு விதமானது. உறைபனிக் காலத்தில் கான்கிரீட் சரியாக இறுகாது. டிசம்பரில் அறிவிப்பு வந்தவருக்கு அந்த எழுபத்தைந்து நாளில் வேலைக்கு ஏற்ற நாள் எத்தனை கிடைத்துவிடப் போகிறது? கெடு கடந்த மறுநாளே நகரம் கடப்பாரையுடன் வந்து நிற்பதில்லை என்றாலும், அறிவிப்பு கவுண்டி எழுத்தர் அலுவலகத்தில் பதிவாகியிருப்பதால், வீட்டை விற்கவோ அதன்மேல் கடன் வாங்கவோ போகும்போது அது குறுக்கே வந்து நிற்கும்.

எல்லாவற்றிலும் விசித்திரம், மரங்களின் கதை. தெருவோர மரம் நகரத்துக்குச் சொந்தம். பூங்கா இலாகாவின் அனுமதியில்லாமல் அதன் வேரில் வீட்டுக்காரர் கை வைக்கக்கூடாது. ஆனால் அந்த வேர் தூக்கிய பலகைக்கு அவரே பொறுப்பாளி என்கிற நிலை நெடுங்காலம் நீடித்தது. மரத்தினால் மட்டுமே சேதம் நேர்ந்திருந்தால் சிறு வீடுகளின் மீது அதற்காக வில்லங்கம் பதியப்படாது என்று 2019-இல் மேயர் டி பிளாசியோ அறிவித்த பிறகுதான் ஓரளவு நியாயம் பிறந்தது.

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரமோ வேர்களால் நேரும் சேதத்தை 1970-களில் தானே ஏற்றுக்கொண்டு, பணம் வற்றியதும் கைவிட்டுவிட்டது. சக்கர நாற்காலியில் செல்வோர் வழக்குத் தொடுத்ததன் பலனாக 2016-இல் ஏற்பட்ட உடன்பாட்டில், சுமார் 140 கோடி டாலர் செலவிட்டு நடைபாதைகளைச் சீராக்க நகரம் பெற்ற அவகாசம் முப்பது வருஷம். குவீன்ஸ் வீட்டுக்காரரின் எழுபத்தைந்து நாள் இங்கே நினைவுக்கு வந்தால் அது வாசகரின் குற்றமாகாது.

டென்வர் நகரவாசிகள் 2022-இல் வாக்களித்து வேறொரு வழியைக் கண்டார்கள்: செப்பனிடும் பொறுப்பு நகரத்துக்கு, அதற்கு ஈடாக வீட்டுக்காரர் செலுத்துவது வருஷாந்தரக் கட்டணம். 2025-இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டில் பெரும்பாலான தனி வீடுகளுக்கு அது 150 டாலர். கெடுவும் இல்லை, ஒப்பந்தக்காரரைத் தேடி அலைவதும் இல்லை. போன வருஷந்தான் கைப்பணம் போட்டு வாசலைப் புதுப்பித்துக்கொண்ட மனிதரும் அதே 150 டாலரைக் கட்டுகிறார். அவரிடம் இந்தத் திட்டத்தின் சிறப்பை எடுத்துச் சொல்ல நான் துணிய மாட்டேன்.