உங்களுக்குத் தெரியுமா? சிப்பிக்கும் எதிர்ப்புச் சக்தி உண்டு

நமக்கு இருப்பதுபோல் சிப்பிக்கு ஆன்டிபாடி கிடையாது. நிறமற்ற அதன் ரத்தத்தில் மிதக்கும் அணுக்கள்தான் முக்கியக் காவல். உள்ளே நுழையும் கிருமியைச் சுற்றி வளைத்து, விழுங்கி, செரித்துவிடும்.

அமெரிக்காவின் செசபீக் விரிகுடாவில் இந்தக் காவலே வினையானது. ‘டெர்மோ’ நோயை உண்டாக்கும் பெர்கின்சஸ் மரைனஸ் என்ற ஒட்டுண்ணி, தன்னை விழுங்கிய அணுவுக்குள்ளேயே சாகாமல் பெருகுகிறது. அந்த அணுவே அதை உடல் முழுக்கக் கொண்டுபோகிறது! நீரில் வெப்பமும் உப்பும் கூடும் கோடையில் சிப்பிகள் கொத்துக்கொத்தாகச் சாகின்றன.

மாசு சேர்ந்தால் நிலைமை இன்னும் மோசம். கப்பலின் அடிப்பகுதியில் பாசி படியாமலிருக்க டிரைபியூட்டைல்டின் என்ற நஞ்சு கலந்த பெயின்ட் பூசினார்கள். அந்த நஞ்சு கலந்த நீரில் வைத்த சிப்பிகளை டெர்மோ கடுமையாகத் தாக்கியதைச் சோதனைகள் காட்டின. அந்தப் பெயின்டைத் தடுக்கும் உலக ஒப்பந்தம் 2008-இல்தான் நடைமுறைக்கு வந்தது.

பாவம், வளர்ந்த சிப்பியால் இடம் மாறித் தப்ப முடியாது. நல்ல சூழலில் அது ஒரே நாளில் சுமார் 190 லிட்டர் நீரை வடிகட்டும். நீரில் நாம் கலந்ததெல்லாம் அதன் செவுள் வழியேதான் போகும்.